எந்திரிச்சு நின்ன தேயிலை

எங்க எஸ்டேட்டு டீக்கடையில, கேக்கு அடுக்கி வச்ச கண்ணாடிப் பெட்டிக்கு மேல, பச்சை ஓரம் போட்ட சர்ட்டிபிகேட் ஒண்ணு தொங்குது. இந்தத் தோட்டம் காத்தையும் தண்ணியையும் மண்ணையும் முறைப்படி பாத்துக்குதுன்னு வெளிநாட்டுக்காரன் குடுத்த அத்தாட்சி. கோலாலம்பூர்லேருந்து வர்ற ஜனங்க அதுக்கு முன்னால நின்னு போட்டோ புடிப்பாங்க. நான் அந்தப் பக்கம் போனா சுவத்தைப் பாக்கறதில்ல. பாத்தா எங்கக்கா குரல் கேக்கும். காதுலயா மனசுலயான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல, அதனாலதான் எழுதறேன்.

நான் இந்தத் தோட்டத்து ஆபீஸ்ல கிராணி, கணக்கெழுதறவ. பொம்பளை கிராணி ஆனதே இங்க சிலருக்கு வயித்தெரிச்சல், அது வேற கதை. எங்கக்கா மலையில கொழுந்து எடுக்கிறவ. எங்க ஆளுங்க பிள்ளைங்க எல்லாம் டவுனுக்கும் சிங்கப்பூருக்கும் போயிட்டாங்க. இப்ப மலையில பாதிக்கு மேல வங்காளத்துக்காரனும் நேப்பாளத்துக்காரனும்தான். அக்கா மட்டும் போகமாட்டேன்னு நின்னுட்டா. அவளுக்கு அப்படி ஒரு குரல். ஞாயித்துக்கிழமை தானா ராத்தா டவுன் மாதா கோயில்ல அவ பாட்டெடுத்தா பாதிரியார் மைக்கை அணைச்சிடச் சொல்வாரு. இந்த மலையில நின்னு கூப்பிட்டா அந்த மலையில இருக்கிறவன் திரும்பிப் பாப்பான்.

காலையில வேலைக்குப் போறவங்க கூடற பெரட்டுக்களத்துல ஆள் கணக்கு எடுக்கிறது என் வேலை. பேரைக் கூப்பிட்டா எங்க ஆளுங்க "இருக்கேன்"னு சொல்லணும், மத்தவங்க மலாய் மொழியில சொல்வாங்க. எங்கக்கா மட்டும் ஒரு நாளும் ஒழுங்கா பதில் சொன்னதில்ல. தங்கச்சி கூப்பிட்டு அவ கைகட்டி நிக்கறதா? "கேக்குது, கேக்குது, செவிடுன்னு நெனச்சியா கிராணியம்மா"ன்னு ஒரு நாள். "உன்னையத் தூக்கி வளத்ததே நான்தான்லா, எழுதிக்கோ"ன்னு ஒரு நாள். களமே சிரிக்கும். எனக்குக் கோபம் கோபமா வரும், ஆனா அந்தச் சத்தம் இல்லாம ஒரு காலையைக்கூட நெனச்சுப் பாக்க முடியாது.

இதுல இன்னொரு பழக்கமும் சொல்லியாகணும். யாராச்சும் வர லேட்டாச்சுன்னா, பக்கத்து வீட்டுக்காரி அவளுக்காகக் குரல் குடுத்துருவா. பிள்ளையை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டுட்டு ஓடி வர்றவளுக்கு அரை நாள் சம்பளம் போயிடக்கூடாதில்ல? எங்கப்பன் காலத்துலேருந்து நடக்குது. கங்காணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வந்த புது ஆளுங்களுக்கும் எங்க ஆளுங்க இதைத்தான் முதல்ல கத்துக்குடுத்தாங்க.

அப்புறம் வந்துச்சு இந்தச் சிஸ்டம். ஏன் வந்துச்சுன்னா, எங்க மேனேஜர் துரைக்குத் திடீர்னு ஓடை மேல பாசம் பொங்கல. வெளிநாட்டுல எங்க தேயிலை வாங்கறவன், சுற்றுச்சூழல் நிர்வாக முறைன்னு ஒண்ணு உங்ககிட்ட இருக்கா, இல்லேன்னா அடுத்த வருசம் வேற இடத்துல வாங்கிக்கறோம்னுட்டான். துரை எங்களைக் கூட்டி வச்சு அதை மறைக்காம சொன்னாரு. நல்ல மனுசன்தான். வாங்கறவன் போயிட்டா ஃபேக்டரி நிக்கும், ஃபேக்டரி நின்னா நீங்க குடியிருக்கிற லயன் வீடெல்லாம் காலி, அவ்ளோதான்னாரு. மூணு மொழியும் பேசறவ நான்தான்னு பொறுப்பை என் தலையில கட்டினாங்க. சம்பளம் ஏறல, வேலை மட்டும் ஏறுச்சு.

கோலாலம்பூர்லேருந்து ஆலோசகர் ஒருத்தர் வந்து தோட்டத்தைச் சுத்திப் பாத்தாரு. பூச்சி மருந்து வைக்கிற ஸ்டோருக்குப் பூட்டு, தரைக்கு சிமெண்டு, கைக்கு உறை. மருந்தடிக்கிற டாங்கியை இனிமே ஓடையில கழுவக்கூடாது. குப்பையைக் கொளுத்தக்கூடாது. எல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா லயன் பக்கம் வந்தவரு, வீட்டு வாசல்ல இருந்த நீல டிரம்முங்களைப் பாத்து அப்படியே நின்னுட்டாரு. காலி மருந்து டிரம்மை சோப்பு போட்டுக் கழுவி, மழைத்தண்ணி புடிச்சுக் குளிக்கறது எங்க வழக்கம். என்னைக் குளிப்பாட்டினதே அந்தத் தண்ணியிலதான். அவரு முகம் போன போக்கைப் பாத்தப்புறம்தான் எனக்கே உடம்பு கூசுச்சு. வீட்டுக்கு வீடு டிரம்மைத் திருப்பி வாங்கி, புதுத் தொட்டி குடுத்தோம். டிரம்மெல்லாம் ஃபேக்டரி பின்னால மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. உரிமம் வச்ச லோரி வந்து ஏத்திக்கிட்டுப் போகும்னு ஏற்பாடு.

இன்னொண்ணும் சொன்னாரு. ஓடையோரமா ரெண்டு பக்கமும் ஒரு பட்டை நிலத்தை அப்படியே விட்டுடணும். மருந்து கூடாது, கவ்வாத்து வெட்டக்கூடாது, ஆள் இறங்கக்கூடாது. கயிறு கட்டி, நுழையாதீர்னு மூணு மொழியில போர்டு வச்சோம். அந்தப் பட்டையில இருந்தது எங்கக்காவோட நிரை. வருசக்கணக்கா அவ கொழுந்து எடுத்த செடிங்க.

தேயிலை செடி இல்ல, மரம். நம்ம கத்திதான் அதைச் செடியா வச்சிருக்குன்னு புத்தகத்துல படிச்சிருந்தேன், கண்ணால பாத்ததில்ல. விட்டதும் அதுங்க வளர ஆரம்பிச்சுது. இடுப்பு ஒசரம் இருந்தது தோளுக்கு வந்துச்சு, அப்புறம் தலைக்கு மேல போச்சு. அடித்தண்டு கிழவன் முழங்கால் மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கும், அதுக்கு மேல மெலிசா நேரா கிளை ஏறும். வெள்ளையா பூ வேற பூத்துச்சு. காட்டு மரம்னா கோணல்மாணலா நிக்கும், பாத்தா ஒண்ணும் தோணாது. இதுங்க நம்ம நட்ட வரிசையிலயே நிக்குதுங்க. மஞ்சு மூட்டம் இறங்கினா இலை தெரியாது, தண்டு மட்டும் தெரியும், வரிசை வரிசையா பெரட்டுக்கு நிக்கிற ஆளுங்க மாதிரி. யாரும் சொல்லிக்கல, ஆனா சாயங்காலம் அந்த வழியா மோட்டார் சைக்கிள்ல போறவன் எல்லாம் வேகத்தை முறுக்கிக்கிட்டுத்தான் போவான்.

ஒரு நாள் நானும் அக்காவும் மேல ரோட்டுல நின்னு பாத்துக்கிட்டிருந்தோம். அவ சிரிக்காம சொன்னா, "இத்தனை வருசமா நாம அதுங்கள உக்கார வச்சிருந்தோம்டி. இப்ப எந்திரிச்சிடுச்சு."

போடி லூசுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி போர்வைக்குள்ள அது ஞாபகம் வந்து கால் சில்லுனு ஆயிடுச்சு.

சர்ட்டிபிகேட் குடுக்கறதுக்கு முன்னால வந்து சோதிக்கிற ஆடிட்டுக்கு முந்தின வாரம் பாத்தா, ஃபேக்டரி பின்னால டிரம் மலை காணோம். லோரி வந்துட்டுப் போச்சுன்னார் கங்காணி. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. நடந்தது என்னன்னு பின்னாலதான் தெரிஞ்சுது, லோரிக்காரன் கழுவின டிரம்மை மட்டும் ஏத்திக்கிட்டான். அடியில பழைய மருந்து தங்கி, என்ன மருந்துன்னே தெரியாத டிரம்மையெல்லாம் தொடமாட்டேன்னுட்டான். கங்காணிக்குக் கை ஓடல கால் ஓடல. அந்தக் காலத்துல பெரிய துரை மேற்பார்வைக்கு வர்றாருன்னா, வாய்க்காலுக்கு சுண்ணாம்பு அடிச்சு, கண்ணுக்கு ஆகாததையெல்லாம் ஒளிச்சு வச்சு, அவர் கார் கேட்டைத் தாண்டினதும் திரும்ப எடுத்து வைப்பாங்க. ஆடிட்டையும் அவர் அப்படித்தான் நெனச்சாரு. ஒளிச்சு வைக்கத் தோட்டத்துலயே தோதான இடம் எது? யாரும் இறங்கக்கூடாதுன்னு போர்டு போட்ட இடம். துரையே இறங்கமாட்டாரு, ஆடிட்டர் எங்க இறங்கப் போறாரு? டிரம்மையெல்லாம் உருட்டிக்கிட்டுப் போய் அந்தத் தேயிலை மரத்தடியில வச்சிட்டாரு. எங்கிட்ட சொன்னா நான் கத்துவேன்னு சொல்லல. கத்தித்தான் இருப்பேன்.

ஆடிட் அன்னைக்குக் காலையில பெரட்டுல அக்கா பேரைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டு ஜோரா இருக்கே கிராணியம்மா, மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா?"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. ஆடிட்டர் பக்கத்துல நிக்கறாரேன்னு எனக்கு முகம் சிவந்து போச்சு, நிமிந்து பாக்கல.

ஆடிட்டர் கறாரான ஆளு. பைலைப் பாத்தாரு, ஸ்டோரைப் பாத்தாரு. சாப்பாட்டுக்கப்புறம் ஒத்திகை காட்டணும்னாரு. மருந்து கொட்டிப் போச்சுன்னா என்ன செய்வீங்கன்னு நடிச்சுக் காட்டறது. நிஜ மருந்தைக் கொட்ட முடியுமா? ஒரு வாளித் தண்ணியில ரோஸ் சிரப்பைக் கலந்து ஸ்டோர் வாசல்ல ஊத்தினோம். சைரன் அடிச்சுச்சு. பயிற்சி எடுத்த ஆளுங்க உறையும் பூட்சும் மாட்டிக்கிட்டு, மரத்தூள் போட்டு அணை கட்டி, அள்ளிப் பையில போட்டுக் கட்டினாங்க. மத்தவங்க எல்லாம் ஃபேக்டரி முன்னால கூடணும், நான் பேர் கூப்பிட்டு யாரும் விட்டுப்போகலன்னு உறுதி செய்யணும்.

அந்த நேரம் பாத்து மஞ்சு இறங்குச்சு. மத்தியானத்துல இறங்கறது இங்க புதுசில்ல, ஆனா அன்னைக்கு இறங்கினது சத்தத்தையும் சேத்து அமுக்கிடுச்சு. ரெண்டாவது வரிசைக்கு அப்பால முகம் தெரியல. நான் பேரைக் கூப்பிடுவேன், வெள்ளைக்குள்ளேருந்து ஒரு குரல் வரும். அடுத்த பேர், அடுத்த குரல். ஆடிட்டர் குடையைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னாரு. அந்தப் பக்கம் துரை.

அக்கா பேரைக் கூப்பிட்டேன்.

"இருக்கேன்"னு வந்துச்சு.

அக்கா குரல்தான். வேற யாரோடதும் இல்ல. ஆனா ஆளுங்க நின்ன பக்கத்துலேருந்து வரல, இடது கைப்பக்கம், கீழ ஓடைப் பக்கத்துலேருந்து வந்துச்சு. பணிவா வந்துச்சு. ஸ்கூல் பிள்ளை டீச்சருக்குச் சொல்ற மாதிரி ஒரே ஒரு வார்த்தை. எங்கக்கா எனக்குப் பணிஞ்சு பதில் சொல்றதா? செத்தாலும் சொல்லமாட்டாளே.

அக்கா லேட்டானா அவளுக்காகக் குரல் குடுக்கிற பக்கத்து வீட்டுக்காரி முன் வரிசையிலயே நின்னா. அவ வாய் மூடியிருந்துச்சு. அவ கண்ணும் ஓடைப் பக்கம்தான் போச்சு.

துரை அடுத்த பேருக்குப் போன்னு கண்ணைக் காட்டினாரு. இன்னும் கொஞ்சம் பேருதான், முடிஞ்சா சர்ட்டிபிகேட் கையில. எனக்கு அப்ப சர்ட்டிபிகேட்டும் தெரியல, லயனும் தெரியல.

"துரை, எங்கக்கா இங்க இல்ல"ன்னேன்.

பதில் வந்துச்சேன்னாரு. பதில் வந்துச்சு, ஆள் வரலன்னேன். ஆடிட்டர் என்ன விசயம்னு மலாயில கேட்டாரு. நான் சத்தமா எல்லாரையும் பாத்துக் கேட்டேன், யாராச்சும் அவளுக்காகக் குரல் குடுத்தீங்களா, குடுத்திருந்தா சொல்லிடுங்க, ஒண்ணும் செய்யமாட்டேன்னு. எல்லாரும் இல்லன்னு தலையை ஆட்டினாங்க. அப்பத்தான் கங்காணி என் முன்னால வந்தாரு. முகத்துல ரத்தமே இல்ல. நீல நிறம் ரோட்டுலேருந்து தெரியுதுன்னு காலையில அவர்தான் அக்காவைக் கீழ அனுப்பியிருக்காரு, பெரணியை வெட்டி டிரம்மு மேல மூடிட்டு வான்னு. அவளுக்குத்தான் அந்த இடம் அத்துப்படியாச்சே. வந்திருப்பான்னு நெனச்சாராம்.

ஓடினோம். கயித்தைத் தாண்டி அந்த மரங்களுக்குள்ள நான் இறங்கினது அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை. பூ வாசம் ஒரு பக்கம், அதுக்குள்ள பூச்சி மருந்து நெடி. அக்கா ஓடைக்குப் பக்கத்துல கிடந்தா. சரிவுல வழுக்கி, டிரம்மு மேல விழுந்து, அது உடைஞ்சு அடியில இருந்ததெல்லாம் அவ மேல கொட்டியிருக்கு. கண் மூடியிருந்துச்சு, வாயோரம் நுரை. நான் கட்டிப்புடிக்கப் போனேன். பின்னாலேருந்து ஒரு வங்காளத்துப் பையன் என் இடுப்பைப் புடிச்சு இழுத்துட்டான், கையுறை இல்லாம தொடாதீங்கன்னு. கொஞ்சம் முன்ன ரோஸ் சிரப்பை அள்ளின அதே ஆளுங்கதான். சட்டையை வெட்டி எடுத்தாங்க, சோப்புத் தண்ணியை ஊத்தி ஊத்திக் கழுவினாங்க, ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வச்சாங்க. ஒருத்தன் டிரம்முல ஒட்டியிருந்த கிழிஞ்ச லேபிளை டாக்டருக்குக் காட்டணும்னு எடுத்து வச்சுக்கிட்டான். ஆடிட்டருக்காகப் பாடமா படிச்சது எதையும் அவங்க மறக்கல. அந்தச் சிஸ்டம் இல்லேன்னா அந்த டிரம்மு அங்க போயிருக்காது. அந்தச் சிஸ்டம் இல்லேன்னா அவளைக் கழுவத் தெரிஞ்ச ஆளும் இருந்திருக்கமாட்டான். இன்னிக்கு வரைக்கும் நான் இதை எந்தப் பக்கம் வச்சுத் திட்டறதுன்னு தெரியாம நிக்கறேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியிலேருந்து அன்னைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. தொண்டையில குழாய் போட்டு ரொம்ப நாள் வச்சிருந்தாங்க. வேளாங்கண்ணி மாதாகிட்ட நான் பேசாத பேச்சில்ல. பொழைச்சுக்கிட்டா. ஆனா குழாயை எடுத்தப்புறம் அவளுக்குக் குரல் வரல. காத்துதான் வந்துச்சு. காதைக் கொண்டு போய் வாய்கிட்ட வச்சாத்தான் என்ன சொல்றான்னு புரியும். கொஞ்சம் தேறும், பழைய குரல் இனிமே வராதுன்னுட்டாரு டாக்டர். அதைக் கேட்டு நான் அழுதேன், அவ அழல.

நான் டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன். கீழ கிடந்தவ கத்தியிருக்க முடியுமான்னு. அவர் முடியாதுன்னு தலையாட்டினாரு. கொண்டு வந்த நிலைமையைப் பாத்தா விழுந்த கொஞ்ச நேரத்துலயே நினைவு போயிருக்கணும், முனகல்கூட வந்திருக்காதுன்னாரு. அக்காகிட்டயும் கேட்டேன். நான் கூப்பிட்டது கேட்டுச்சான்னு. வழுக்கினதுதான் ஞாபகம், அப்புறம் ஈப்போ ஆஸ்பத்திரி விட்டத்துல ஓடின ஃபேன்தான் ஞாபகம்னா. "நீ கூப்பிட்டா நான் இருக்கேன்னா சொல்வேன்?"னு உதட்டை அசைச்சுச் சிரிச்சா.

பின்னாடி ஒரு நாள், நல்ல வெயில்ல, ஒரு ஆளைக் கீழ நிறுத்தித் தொண்டை கிழியக் கத்தச் சொல்லிட்டு நான் ஃபேக்டரி முன்னால நின்னேன். ஒண்ணும் கேக்கல. பாதிரியார் மலையில எதிரொலி எப்படி வேணா வரும்மான்னாரு. லயன்ல இருக்கிறவங்க எலுமிச்சம்பழம் வெட்டணும், பூசணிக்காய் உடைக்கணும்னாங்க. அந்தப் பட்டையில எதையும் போட முடியாது, விதி இருக்குன்னு சொல்ல வேண்டிய ஆளும் நான்தான். என் நெலமையைப் பாத்தீங்களா.

அந்தத் தடவை சர்ட்டிபிகேட் கிடைக்கல. ஆடிட்டர் பாத்ததையெல்லாம் எழுதிக்கிட்டுப் போனாரு. துரை ஒண்ணையும் மறைக்கல, மேலிடத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அந்த டிரம்மையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போக வேற லோரி வந்துச்சு, மேல் மண்ணையும் சுரண்டி ஏத்திக்கிட்டுப் போனாங்க. அடுத்த தடவை சர்ட்டிபிகேட் வந்துச்சு. வாங்கறவனும் போகல. ஓடைத் தண்ணியில இப்ப சின்னச் சின்ன மீனு ஓடுது, மழைக்கப்புறம் தவளை கத்துது. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அந்த ஓடையில உசுருன்னு ஒண்ணையும் பாத்ததில்ல. நல்லது நடந்திருக்கு, இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிப் போகும். கங்காணி வாரா வாரம் திரிங்காப் சந்தையிலேருந்து காய்கறி வாங்கி அக்கா வாசல்ல வச்சிட்டுப் போறாரு. அக்கா அதுல முள்ளங்கியை மட்டும் திருப்பி அனுப்புவா, பிடிக்காதுன்னு.

குரல் குடுக்கிற பழக்கம் போச்சு. இப்ப ஆளாளுக்கு ஒரு தகடு, அவங்கவங்க வந்து பலகையில மாட்டணும். பெரட்டுல சத்தமே இல்ல. தகடு கிளிங் கிளிங்குன்னு மாட்டற சத்தம் மட்டும். அக்காவை ஆபீஸ்ல டீ போடற வேலைக்கு மாத்திட்டாங்க. கோயில்ல பின் பெஞ்சுல உக்காந்து வாயை மட்டும் அசைக்கிறா.

போன மாசம் வருசாந்திர ஒத்திகை வந்துச்சு. விதிப்படி அன்னைக்கு மட்டும் தகடு பத்தாது, பேர் கூப்பிட்டு ஆளைக் கண்ணால பாக்கணும். நான்தான் அந்த விதியை எழுதினேன். திரும்பவும் ரோஸ் சிரப், திரும்பவும் சைரன். மஞ்சும் வந்துச்சு, வராம இருக்குமா? அக்கா குரல் எடுபடாதேன்னு அவளை என் பக்கத்துலயே நிக்க வச்சுக்கிட்டேன். அவ முறை வந்தா கையைத் தூக்கினா போதும்.

அவ பேரைக் கூப்பிட்டேன். அவ கையைத் தூக்கறதுக்குள்ள, கீழ ஓடைப் பக்கத்துலேருந்து கணீர்னு வந்துச்சு, மைக்கே வேண்டாத அந்தப் பழைய குரல்.

"இருக்கேன்."

மத்தவங்களுக்குக் கேட்டுச்சான்னு நான் யாரையும் கேக்கல. ஆனா அத்தனை முகமும் அந்தப் பக்கம் திரும்புச்சு. பக்கத்து வீட்டுக்காரி சேலைத் தலைப்பை வாயில அழுத்திக்கிட்டா.

அக்கா என் மணிக்கட்டைப் புடிச்சா. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. என் காதுகிட்ட வந்து, அந்தக் காத்துக் குரல்ல சொன்னா, "அதுக்கு டிக் போடாதடி. நான் இங்க நிக்கறேன்."

அவ முகத்தை நல்லா பாத்துட்டு அவளுக்கு டிக் போட்டேன். அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.